கயிறு பிடிக்கிற தம்பி

கீரைக்காரியின் வாயில் எதுவும் தங்காது என்று ஊரே சொல்லும். எந்தக் கடைக்காரன் தராசில் கட்டை விரலை வைக்கிறான், எந்த மருமகள் மாமியாரோடு பேசுவதில்லை, யார் வீட்டில் இரண்டு நாளாக உலை கொதிக்கவில்லை, எல்லாம் அவள் கூடையோடு கூடவே தெருவுக்குள் வரும். கீரைக் கட்டுக்குக் கொசுறு கேட்டால் கீரை தரமாட்டாள், சேதி தருவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வந்த வினையெல்லாம் அந்த ஒரு நாளில் வந்ததுதான்.

அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவர். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கீழே நின்று கடப்பாரையால் இடித்து மண்ணை வாளியில் நிரப்புவார். மேலே இருப்பவன் மர உருளையைச் சுற்றி வாளியை ஏற்றுவான். பொழுது சாய்ந்தால் மண் வந்த அதே கயிற்றில்தான் மனுஷனும் ஏறி வரவேண்டும். ஆழத்திலிருந்து கத்தினால் குரல் சுவரில் மோதிக் குழம்பிவிடும் என்பதால் இருவருக்கும் நடுவே பேச்சே கிடையாது. கயிற்றைச் சுண்டினால் தூக்கு, விட்டுவிட்டுச் சுண்டினால் ஆளே வருகிறேன் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கயிறு பிடித்தவன் கீரைக்காரியின் கூடப்பிறந்த தம்பி.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கீழே ஆள் இருக்கும்வரை, மேலே நிற்கிறவன் உருளையில் சுற்றியது போக மிச்சமிருக்கும் நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கை நழுவினால் அவனும் சேர்ந்து உள்ளே போவான். இன்னொன்றும் உண்டு. அவன் கட்டும்போது இறங்கப் போகிறவர் பார்க்கக்கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். திரும்பிப் பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று சொன்ன மாதிரி. அவள் புருஷன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார்.

இரண்டு குடும்பமும் ஒரே தெருவில், ஒரே மாதிரிப் புல் கூரையின் கீழ், ஒரே மாதிரி அரை வயிற்றோடு இருந்தன. நடுவில் ஒரே ஒரு வித்தியாசம் வந்தது. ஒரு தோட்டக்காரருக்குக் கிணறு வெட்டி முடித்தபோது, அந்த மனுஷன் கையை விரித்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய தகரங்களையும் ஒரு பெட்டை ஆட்டையும் காட்டி, "பிரிச்சு எடுத்துக்குங்கப்பா" என்றார். தம்பி முந்திக்கொண்டு தகரத்தைத் தொட்டான். ஆடு இவர்களுக்கு வந்தது. அடுத்த மழைக்குள் அது வயிறு ஊதிச் செத்துப்போனது. தகரம் எங்கே சாகப்போகிறது? தம்பி வீட்டுக் கூரையில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, வெயிலில் ஊருக்கே கண்ணைச் சிமிட்டியது.

"இந்த மழையில எங்க வீட்ல ஒரு சொட்டு இறங்கல அண்ணி" என்பாள் தம்பி பெண்டாட்டி. வெகுளியாகத்தான் சொல்வாள். கீரைக்காரி சிரிப்பாள். அன்று ராத்திரி தன் வீட்டுக்குள் சட்டியையும் பானையையும் ஒழுகும் இடமெல்லாம் நகர்த்தி வைக்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

கடைத்தெருவில் ஒரு மாடி வீட்டை ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, போர்வை என்று எதுவும் கொடுக்காமல் நேராகப் பணத்தையே போனில் போடுகிற நிறுவனம். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தினமும் கீரை வாங்குவாள். பேரம் பேசத் தெரியாத பெண் என்பதால் கீரைக்காரிக்கு அவள்மேல் தனிப் பிரியம். ஒரு காலையில் அந்தப் பெண் கீரைக் கட்டை வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு உங்க பக்கம்தான் வர்றோம்க்கா. புல்லுக் கூரை வீடுங்களைத்தான் எடுப்போம். தகரம் ஒரு ஓரமா இருந்தாக்கூட சேர்க்க மாட்டாங்க. உங்களுக்காகச் சொல்றேன். நான் சொன்னதா வெளிய போச்சுன்னா என் வேலை போயிடும்."

கீரைக்காரி அன்று மிச்சக் கீரையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குத் திரும்பினாள். காற்று பலமாக இருந்தது. தம்பி தன் கூரைமேல் நின்று தகரம் பறக்காமல் கல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, கூடை அதுக்குள்ள காலியாயிடுச்சு? இன்னைக்கு என்ன சேதி?"

"ஒண்ணும் இல்லடா" என்றாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தத் தகரத்தை இறக்கி வீட்டுக்குப் பின்னால் சாய்த்து, இரண்டு கட்டுப் புல்லை மேலே போட அவனுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது அவளிடம் நல்ல நல்ல பதில்கள் இருந்தன. அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். பொய் வெளிப்பட்டால் ஊரையே தள்ளிவிடுவார்கள். இதெல்லாம் உண்மையும்கூட. ஆனால் செத்துப்போன ஆடும் அந்தப் பதில்களோடு ஒரு ஓரமாகப் படுத்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். வீடு வீடாகப் போட்டோ எடுத்தார்கள். தம்பி பாவம், வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று கட்டிலை இழுத்துப் போட்டு, சரியாகத் தகரத்தின் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அவர்கள் நன்றாகக் குடித்தார்கள், மேலே பார்த்தார்கள், போய்விட்டார்கள். தெருக்கோடி சவரக்காரர் மட்டும் தன் ஒற்றைத் தகரத்தை முந்தின நாளே கழற்றி வைக்கோற்போருக்குள் செருகியிருந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்பது அவருக்கே வெளிச்சம். அவருக்குப் பணம் வந்தது. தெருவில் விடுபட்டது தம்பி வீடு ஒன்றுதான்.

பணம் ஒரு மத்தியானம் போனில் வந்தது. ஏழைக்குக் காசைக் கையில் கொடுத்தால் குடித்தே அழிப்பான் என்று பேசுகிற பெரிய மனிதர்களை அன்றைக்கு அந்த வீட்டுக்கு அழைத்துப் போய் நிறுத்தியிருக்கவேண்டும். அவள் புருஷன் முதலில் ஒரு புதுக் கடப்பாரை வாங்கினார். பிறகு ஒரு மூட்டை அரிசி. அன்றன்றைக்குப் படியளந்து வாங்கியே பழகிய வீட்டில் மூட்டை ஒரு விருந்தாளியைப் போல நடுவில் நின்றது. கிணற்றடியில் மண்கூடை சுமந்துகொண்டிருந்த மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். கீரைக்காரியின் வீங்கிய முழங்காலுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிறு நிறைந்த வீட்டில் சண்டை குறைந்தது. அவள் புருஷன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் நின்றுபோனது. இத்தனை வருஷமும் அது பழக்கம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கவலை என்று அப்போதுதான் தெரிந்தது.

மரியாதையும் வந்தது. மளிகைக் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். அந்த 'ம்மா' புதுசு. பணம் பத்தும் செய்யும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வீட்டுக்கு ஒரு கதவும் வந்தது. அதுவரை வாசலில் ஒரு சாக்குப்படுதாதான். தம்பியின் இரண்டு பிள்ளைகளும் அதைத் தள்ளிக்கொண்டு நேரம் காலமில்லாமல் வந்து பானையைத் திறந்து பார்ப்பார்கள். மரக்கதவு வைத்த பிறகு அவர்கள் வாசலில் நின்று, "அத்தை" என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. யாரும் வராதே என்று சொல்லவில்லை. கதவு இருந்தது, அவ்வளவுதான்.

தெருவில் தம்பிக்குப் பட்டப்பெயர் விழுந்தது. 'தகரம்.' முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார்கள். "தகர மாளிகை முதலாளி வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பார் சவரக்காரர். அவனும் சிரித்துக்கொண்டே போவான். பிறகு சின்னப் பிள்ளைகள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு நாள் கீரைக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கூரைமேல் ஏறி, தகரம் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே எறிந்தான். சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கழற்றிய இடத்தில் புல்லைப் போட்டான். போட்டுவிட்டு இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி முகம் கழுவினான். அந்தப் புல்லைப் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

நிறுவனத்துப் பணத்தின் இரண்டாவது தவணை வந்தபோது அவள் புருஷன் சொன்னார், "ஊருக்கெல்லாம் கிணறு வெட்டியாச்சு. நம்ம கொல்லையில ஒண்ணு வெட்டுவோம். உன் கீரைக்கு நீ கொளத்துலேருந்து குடம் குடமா சொமக்க வேணாம்."

வாழ்நாளில் யாரும் அவளுக்காக அப்படி ஒரு காரியம் யோசித்ததில்லை. சந்தோஷம் மேலே வந்து நிற்கும்போதே, அதற்குக் கீழேயிருந்து ஒரு கேள்வி எழுந்தது. கயிறு யார் பிடிப்பது?

"யாரு புடிப்பா? மாப்ளதான்" என்றார் அவர். சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டதுபோல அவளைப் பார்த்தார்.

தம்பி வந்தான். அவள் புருஷன் கூலி பேசினார். பணம் வந்த வீடு அல்லவா, ஊர்க் கூலிக்கு மேலேயே கொடுக்கிறேன் என்றார்.

"நம்ம கெணத்துக்கு எதுக்கு மாமா கூலி?" என்றான் தம்பி. அக்காளைப் பார்க்கவில்லை. குரலில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குறையில்லாத குரல்தான் கீரைக்காரியை நடுங்க வைத்தது. கூலி கேட்டிருந்தால், இரண்டு வார்த்தை வம்புக்கு இழுத்திருந்தால், அவள் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

கொல்லையில் பள்ளம் விழுந்தது. முதலில் இடுப்பளவு, பிறகு ஆள் உயரம், பிறகு எட்டிப் பார்த்தால் அவர் தலை மட்டும் தெரிகிற ஆழம். மேல்மண் போய்ச் சரளை வந்தது, சரளை போய்க் களிமண். ஒவ்வொரு நாளும் அவர் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தார். அவள் வெயில் ஏறுவதற்குள் வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஓடிவந்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு கிணற்றடியில் நிற்பாள். முதலில் தம்பியின் இடுப்பைப் பார்ப்பாள். நுனி கட்டியிருக்கும். மூச்சு வரும். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு சாக்கில் மறுபடி வருவாள்.

"நான் கெணத்துக்குள்ள தண்ணி தேடுறேன், இவ என்னடான்னா மேலேருந்து கொண்டாந்து ஊத்துறா" என்று அவள் புருஷன் சாப்பாட்டு நேரத்தில் கேலி செய்தார். தம்பி சிரித்தான். அவன் சாப்பாட்டைத் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தான். முன்பெல்லாம் அக்காள் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பவன்.

ஒரு நாள் அந்த நிறுவனத்துப் பெண் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். கதவைப் பார்த்தாள், அரிசி மூட்டையைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், கண் கலங்கினாள். நல்ல பெண்.

"வழி தெரியாம நின்னுட்டிருந்தேன்க்கா. உங்க தம்பிதான் கூட்டிட்டு வந்து விட்டாரு. பேசிக்கிட்டே வந்தோம்."

"என்ன பேசினீங்க?"

"சும்மாதான். உங்களைப் பத்தி" என்று அந்தப் பெண் சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

அதற்கப்புறம் கீரைக்காரிக்குத் தூக்கம் போயிற்று. என்ன சொல்லியிருப்பாள்? தெரியாத்தனமாகத்தான் சொல்லியிருப்பாள். அக்காவுக்கு முந்தின நாளே சொன்னேனே, உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டிருப்பாள். கேட்காமலும் இருந்திருக்கலாம். மறுநாள் தம்பி வழக்கம்போல வந்தான். வழக்கத்தைவிட முன்னால் வந்தான். களிமண் சரியாமல் இருக்க வட்டமான சிமெண்ட் உறைகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் இறக்கும்போது இரண்டு ஆள் பலத்தை அவன் ஒருவனே போட்டான். உள்ளங்கை தோல் உரிந்து கயிற்றில் ரத்தம் பட்டிருந்தது. துடைத்துவிட்டுப் பிடித்தான்.

புருஷனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பாள். என்னவென்று சொல்வது? உன் மச்சானுக்கு நான் துரோகம் செய்தேன், அது அவனுக்குத் தெரிந்திருக்கலாம், ஆகவே இன்று இறங்காதே என்றா? சொன்னால் அவர் தன்னை என்ன மாதிரிப் பார்ப்பார் என்று யோசிப்பாள். இன்று ஒரு நாள் போகட்டும் என்பாள். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, பிறகு இறங்கிப் போவார். அவர் தலை இருட்டுக்குள் மறையும். அப்படிப் பல நாள் போனது. இதை இப்போது சொல்லும்போதுகூட எனக்கு அவள்மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் பயந்த மனம் செய்கிற கணக்கு வேறு.

அன்றைக்கு வானம் மூடியிருந்தது. களிமண்ணில் ஈரம் கண்டாயிற்று, இன்னும் கொஞ்சம் போனால் ஊற்று என்று முந்தின மாலை அவர் சொல்லியிருந்தார். கீரைக்காரி கூடையை எடுக்கவே இல்லை. காலையிலேயே சொம்போடு கொல்லைக்குப் போனாள். அவர் இறங்கிவிட்டிருந்தார். தம்பி உருளைக்குப் பின்னால் நின்றான். அவள் பார்வை பழக்கப்படி அவன் இடுப்புக்குப் போனது.

இடுப்பில் ஒன்றும் இல்லை. கயிற்றின் நுனி அவன் காலடியில் மண்ணில் கிடந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் அவன் கை திடுக்கிடும். சொம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அவன் பின்னால் போய், குனிந்து, அந்த நுனியை எடுத்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டாள்.

தம்பி திரும்பவில்லை. "அவுத்துடுக்கா" என்றான். "நீ தாங்க மாட்ட. வழுக்கினா உன்னையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"போகட்டும்."

"நான் விட மாட்டேன்."

"அப்புறம் ஏன்டா கட்டிக்கல?"

உள்ளே கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போன மறுநாளும் கட்டிக்கிட்டேன்" என்றான். "அதுக்கடுத்த நாளும் கட்டிக்கிட்டேன். உறை எறக்கும்போதெல்லாம் கட்டியிருந்தேன். இன்னைக்குக் காலையில எம் பொண்ணு கேட்டா, அத்தை வீட்டு அக்கா இஸ்கூல் போறா, நான் ஏம்ப்பா செங்கல் சூளைக்குப் போறேன்னு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இங்க வந்து நுனியக் கையில எடுத்தேன். கட்ட வரல. மாமாவுக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா அவருக்கு ஆனா எனக்கும் ஆகட்டும்னு இன்னைக்கு நெனைக்க முடியல. அவ்வளவுதான்க்கா."

அவள் இடுப்பு முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு வேலை போயிடும்னுதான்டா..." என்று ஆரம்பித்தாள்.

"ஆடு செத்ததுக்குன்னு நெனைச்சேன்" என்றான் அவன்.

யாரிடமும் சொல்லாததை அவன் எப்படிக் கண்டான்? ஒரே வயிற்றில் பிறந்தவன், அவ்வளவுதான். கயிறு அப்போது அசைந்தது. விட்டுவிட்டுச் சுண்டியது. ஆள் வருகிறேன் என்கிறார். இருவரும் வேறு எதுவும் பேசாமல் உருளையைப் பிடித்தார்கள். கயிறு ஏறியது. உருளை கிரீச்சிட்டது. ஒரு கட்டத்தில் சேறு பட்ட இடத்தில் ஒரு முழம் சறுக்கி, அவள் இடுப்பில் முடிச்சு வெட்டி இழுத்தது. தம்பி காலை உதைத்து நின்று பிடித்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. விடவில்லை.

அவள் புருஷன் தலை முதல்கொண்டு களிமண்ணாக மேலே வந்தார். "ஈரம் பொங்குது மாப்ள" என்று சொல்ல வாயைத் திறந்தவர், பெண்டாட்டியின் இடுப்பைப் பார்த்தார். மச்சானின் இடுப்பைப் பார்த்தார். கயிற்றுத் தொழில் தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

"என்னது இது?"

தம்பி உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. அவள்தான் சொன்னாள். பெண் சொன்ன சேதி, கூரைமேல் நின்ற தம்பி, ஒண்ணும் இல்லடா என்ற சொல், ஆடு, மாற்றலாகிப் போன பெண், எல்லாம். சொல்லி முடித்தபோது தூறல் போட ஆரம்பித்திருந்தது.

அவர் கிணற்று ஓரத்து மண்மேட்டில் உட்கார்ந்தார். வெகுநேரம் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனதுலேருந்து உனக்கு இந்தப் பயம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தெரிஞ்சுக்கிட்டேதான் தெனமும் என்னை எறக்கினியா?"

தம்பிக்குச் செய்தது இத்தனை நாளும் அவளைத் தின்றது. இவருக்குச் செய்வதும் துரோகம்தான் என்று அவள் நினைத்ததே கிடையாது. அவனிடம் வாயை மூடியதால் ஒரு வீடு பணத்தை இழந்தது. இவரிடம் மூடியதால் உயிரே போயிருக்கும்.

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மச்சான் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ எறங்கு மாப்ள. நான் மேல நிக்கிறேன். கட்டிக்கிறேன்" என்றார்.

தம்பி உருளையிலிருந்து கையை எடுத்தான். "எறங்குறேன் மாமா. ஆனா நான் உள்ள இருக்கறப்போ அக்கா கெணத்துக்கிட்ட வரக்கூடாது."

"வர மாட்டா" என்றார் அவர்.

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமலே இருவரும் பேசி முடித்தார்கள். இத்தனை நாளும் யார் கையை நினைத்து நடுங்கினாளோ, அவன் அவளை நினைத்துப் பயப்படுகிறான். அதில் தப்பும் இல்லை. அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். சறுக்கலில் இறுகிப்போயிருந்தது. தம்பிதான் வந்து, முகத்தைப் பார்க்காமல், அவிழ்த்துவிட்டான்.

அடுத்து வந்த நாட்களில் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து கடப்பாரைச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றால் எழுந்து நிற்பாள், மறுபடி கேட்டால் உட்காருவாள். கடைசியில் ஒரு நாள் சத்தம் நின்று, வெகுநேரம் கேட்கவே இல்லை. வாக்குக் கொடுத்தது அவள் இல்லை, ஆனாலும் கட்டுப்பட்டு நின்றாள். பிறகு கொல்லையிலிருந்து மகள் ஓடிவந்து சொன்னாள், "தண்ணி வந்துடுச்சும்மா. மாமா முட்டிவரைக்கும் தண்ணியில நிக்கிறாரு."

தம்பி மேலே வந்து, கை கால் கழுவி, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். அவன் தலையைத் துவட்ட அவள் துண்டு கொண்டு போனாள். அவன் வாங்கவில்லை. புருஷனைப் பார்த்து, "கூலி குடுங்க மாமா" என்றான். "மொத நாள்லேருந்து."

அவள் புருஷன் உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். ஊர்க் கூலி என்னவோ அதை நோட்டு நோட்டாக எண்ணிக் கொடுத்தார். தம்பியும் நோட்டு நோட்டாக எண்ணி வாங்கிக்கொண்டான். இருபது வருஷ உறவில் அவர்களுக்குள் காசு எண்ணியது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் அவன் வேறொரு கூட்டாளியோடு வேறு ஊருக்குக் கிணறு வெட்டப் போனான். அவள் புருஷன் அதற்கப்புறம் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை. வீட்டில் நன்றாகத்தான் பேசுகிறார், சாப்பிடுகிறார். ராத்திரியில் மறுபடி பல்லைக் கடிக்கிறார்.

கீரை அமோகமாக வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கிணறு வற்றவில்லை, மகள் பள்ளிக்கூடத்தை விடவில்லை, கீரைக்காரிக்குச் சந்தையில் சொந்தமாக ஒரு மேடை கிடைத்தது. கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று நிறுவனத்து ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கிணற்றோரம் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள்.

தெருவில் எல்லாரும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். சவரக்காரர் வீட்டில்கூட. தம்பி பெண்டாட்டி மட்டும் காலையும் மாலையும் குடத்தோடு அந்தக் கொல்லை வேலியைத் தாண்டிக் குளத்துக்குப் போவாள். வெயில் காலத்தில் குளம் சேறாகிவிடும். அப்போதும் போனாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கீரைக்காரி வேலியருகே போய் நின்று கூப்பிட்டாள்.

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்? இங்கயே ரெண்டு கொடம் எறைச்சுக்கயேன். உன் புருஷன் வெட்டுன கெணறுதானே?"

தம்பி பெண்டாட்டி நின்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. எப்போதும்போல வெகுளியாகத்தான் சொன்னாள்.

"வேணாம் அண்ணி. அடுத்த தடவை யாராச்சும் வந்து, கெணத்துத் தண்ணி குடிக்கிற வீட்டுக்கு ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லிட்டாங்கன்னா? உங்களுக்கு மொத நாளே தெரிஞ்சாலும் நீங்க எங்ககிட்ட சொல்லப் போறதில்ல."

குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தாள்.